ஒன்றரை மணி நேரத்தில் மோனிகா செட்டர்லுண்ட்: எதை வைப்பது, எதை விடுவது?

சுருதிப்பெட்டி:

வணக்கம். எங்கள் இசை வட்டத்தில் மாதம் ஒரு பாடகரை எடுத்து ஒன்றரை மணி நேரம் கேட்கிறோம். அடுத்த முறை ஸ்வீடனின் ஜாஸ் பாடகியும் நடிகையுமான மோனிகா செட்டர்லுண்ட். வருபவர்களில் பாதிப் பேர் ஜாஸ் கேட்டுப் பழகாதவர்கள். ஸ்வீடிஷ் யாருக்கும் தெரியாது.

அமெரிக்கப் பியானோக் கலைஞர் பில் எவன்ஸோடு சேர்ந்த ஆல்பம் மட்டும் முழுதாகத் தெரியும். மற்றபடி வலைத்தளங்களில் தேடினால் வருடங்கள் ஒன்றுக்கொன்று முட்டுகின்றன. பாடல்களை எந்த வரிசையில் வைக்கலாம்? நடிப்பிலிருந்து எதைக் காட்டலாம்? 2013-இல் வந்த வாழ்க்கைப் படத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு அறிமுகம் எழுதினால் சரியாக இருக்குமா? ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் பூஜ்யம் வாங்கினார் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்களே, அதைச் சொல்ல வேண்டுமா, விட்டுவிடலாமா?

வினைல்வாசன்:

முதலில் வருடக் குழப்பம். ஸ்ட்ரீமிங் செயலிகள் காட்டுவது அந்தப் பதிப்பு வெளிவந்த வருடம், பாடிய வருடம் அல்ல. 1960-இல் நியூயார்க்கில் தாட் ஜோன்ஸ், சூட் சிம்ஸ் போன்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர்களோடு பாடிய ஒலிப்பதிவு அப்போது வெளிவரவே இல்லை. 1990-களில்தான் சிடியாக வந்தது. செயலியின் வருடத்தை நம்பி வரிசை போட்டால், இருபத்திரண்டு வயதுக் குரல் கடைசிக் காலப் பாடல்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் பதிவான வருடத்தைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு அதன்படி அடுக்குங்கள்.

அடுத்தது, ஒரே பெயரில் இரண்டு ஆல்பம். "வால்ட்ஸ் ஃபார் டெபி" என்று தேடினால் முதலில் வருவது பில் எவன்ஸ் ட்ரியோ (மூவர் குழு) 1961-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் வாசித்தது. அதில் பாட்டே கிடையாது. உங்களுக்கு வேண்டியது 1964 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் பதிவாகி ஃபிலிப்ஸ் வெளியிட்டது. பியானோவில் எவன்ஸ், பேஸில் சக் இஸ்ரேல்ஸ், டிரம்ஸில் லாரி பங்கர். மொத்தம் 10 பாட்டு, அதில் நான்கு ஸ்வீடிஷ், மீதி ஆங்கிலம். பின்னால் வந்த சிடியில் "கம் ரெயின் ஆர் கம் ஷைன்" பாட்டின் மாற்றுப் பதிவுகள் வரிசையாக இருக்கும். எவன்ஸ் விளையாட்டாகத் தானே பாடிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டும் உண்டு. கூட்டத்தில் ஆல்பத்தை அப்படியே ஓடவிட்டால் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வந்து ஆட்கள் எழுந்துவிடுவார்கள்.

மூன்றாவது சிக்கல் பலர் கவனிக்காதது. 2013 படத்தின் பாடல் தொகுப்பும் இதே பாட்டுகளைக் கொண்டது. பாடியவர் எட்டா மாக்னாசொன், படத்தில் மோனிகாவாக நடித்தவர். நன்றாகவே பாடியிருக்கிறார், அதனால்தான் குழப்பம். பாடகர் பெயர் இருக்கும் இடத்தைப் பார்க்காமல் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

அறிமுகத்துக்குத் தேவையான எலும்புக்கூடு இவ்வளவுதான். 20 செப்டம்பர் 1937-இல் வேர்ம்லாண்ட் மாகாணத்தின் ஹாக்ஃபோர்ஸில் பிறந்தார். எஃகு ஆலையைச் சுற்றி வளர்ந்த சிற்றூர். பிறந்த பெயர் எவா மோனிகா நீல்சொன். செட்டர்லுண்ட் முதல் கணவர் வழி வந்தது. அப்பா இசைக்கலைஞர், அவருடைய நடனக் குழுவில்தான் பாட ஆரம்பித்தார். அமெரிக்க ஜாஸை ரேடியோவிலும் தட்டுகளிலும் கேட்டு, வார்த்தைகளைக் காதால் பிடித்துக் கற்றுக்கொண்டார். 1957 வாக்கில் கோபன்ஹேகனில் இப் கிளிண்டமன் குழு, பிறகு ஸ்டாக்ஹோமின் நாலன் நடன அரங்கில் ஆர்னே டோம்னேருஸ் குழு. 1958-இல் "ஸ்வீடிஷ் சென்சேஷன்" என்று முதல் ஆல்பம். அடுத்த ஓரிரு வருடத்தில், விமர்சகர் லியோனார்ட் ஃபெதரின் முயற்சியில் அமெரிக்கப் பயணம்.

இங்கிருந்துதான் அவர் கதை தொடங்குகிறது என்பேன். ஆங்கிலத்தில் நன்றாகப் பாடும் ஐரோப்பியப் பெண்கள் அப்போது பலர் இருந்தார்கள்.

தாளக்கட்டு:

வினைல்வாசன் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். அவர்களிலிருந்து மோனிகா தனித்து நின்றது பெப்பெ வோல்கெர்ஸ் எழுதிய ஸ்வீடிஷ் வரிகளால். அமெரிக்க மெட்டை எடுத்துக்கொண்டு அதன் ஆங்கில வரிகளை மொழிபெயர்க்காமல், ஸ்டாக்ஹோமில் நடக்கிற மாதிரிப் புதிதாக எழுதினார்.

இதைக் கூட்டத்துக்குப் புரியவைக்க, எடுத்ததும் மோனிகாவின் பாட்டை ஓடவிடாதீர்கள். "வாக்கிங் மை பேபி பேக் ஹோம்" என்ற 1930-ஆம் வருடப் பழைய அமெரிக்கப் பாட்டை யார் குரலிலாவது ஒரு நிமிடம் போடுங்கள். காதலியை வீடுவரை கொண்டுபோய் விடுகிற துள்ளல் பாட்டு. உடனே மோனிகா 1962-இல் பாடிய "சாக்தா வி கோ யேனொம் ஸ்டான்". மெட்டு அதேதான், ஆனால் இருவர் ஸ்டாக்ஹோம் நகரத்து வழியே மெதுவாக நடந்து போகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாலே விஷயம் காதில் விழுந்துவிடும், மொழி தெரிய வேண்டியதில்லை. நீங்கள் வாய்திறந்து விளக்கப் போனால் கெட்டுவிடும்.

பிறகு "டேக் ஃபைவ்". பால் டெஸ்மண்ட் இயற்றியது, டேவ் புரூபெக் குழு 1959-இல் வெளியிட்டது. மோனிகாவின் ஸ்வீடிஷ் வடிவத்தின் பெயர் "இ நியூயார்க்". ஐந்து எண்ணிக்கைத் தாளம். கர்நாடக இசையின் கண்டசாபு தாளம் தெரிந்தவர்கள் உடனே 2+3 என்று தட்ட ஆரம்பிப்பார்கள், தட்டு தவறும். இது 3+2. முதல் அடியையும் நான்காவது அடியையும் அழுத்தித் தட்டச் சொல்லுங்கள். நான்கு ஆவர்த்தம் தாண்டுவதற்குள் கை பழகிவிடும். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் எல்லோரையும் கைதட்டவைத்தால் போதும், ஜாஸ் என்றால் மிரளுபவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

அதற்குப் பின் "மோனிகாஸ் வால்ஸ்", அதாவது "வால்ட்ஸ் ஃபார் டெபி"யின் ஸ்வீடிஷ் வடிவம். எவன்ஸ் தன் அண்ணன் மகள் டெபிக்காக இயற்றி 1956-இலேயே பதிவுசெய்த மெட்டு. ஆங்கில வரிகளை ஜீன் லீஸ் எழுதினார். அதில் ஒரு குழந்தை வளர்ந்து போய்விடுகிறது. ஸ்வீடிஷில் எழுதியது இங்கேயும் வோல்கெர்ஸ்தான். வோல்கெர்ஸ் டெபியை விட்டுவிட்டு மோனிகாவையே பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். இது 3/4, திஸ்ரம். 1961 ட்ரியோ பதிவில் எவன்ஸ் மெட்டை 3/4-இல் வாசித்துவிட்டுத் தனி வாசிப்புக்கு 4/4-க்கு மாறுவார். தாளம் போடுபவர்கள் சறுக்குகிற இடம் அது. பாட்டில்லாத வடிவத்தையும் ஒப்பிட்டுக் காட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

மோனிகா பாடும் முறையில் ஒன்றைக் கவனிக்கச் சொல்லலாம். வரியின் முடிவில் ஸ்வரத்தை இழுத்து நிறுத்தமாட்டார். பேசி முடிக்கிற மாதிரி விட்டுவிடுவார். அதிர்வு மிகக் குறைவு, கமகம் மாதிரியான அலங்காரம் அநேகமாக இல்லை. நம் காதுக்கு முதலில் இது வெறுமையாகத் தோன்றும். எவன்ஸ் ஆல்பத்தில் இருக்கும் பழைய நாட்டார் பாட்டு "யாக் வேத் என் டேலிக் ரூசா" போட்டால் காரணம் தெரியும். ஜாஸுக்காகத் தனிக் குரல் எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்ப்பாட்டையும் அமெரிக்கப் பாட்டையும் ஒரே குரலில்தான் பாடுகிறார்.

வடக்குவாசல்:

நடிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நேரம் குறைவென்றால் ஒரே ஒரு பாத்திரம் போதும்: உல்ரிகா. ஜான் துரொல் இயக்கிய "உத்வாந்த்ரர்னா" (1971), அதன் தொடர்ச்சியான "நீபிக்கர்னா" (1972). வில்ஹெல்ம் மூபெரியின் நாவல் வரிசையிலிருந்து எடுத்தவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மோலாண்ட் மாகாணத்தின் கல்லும் வறுமையும் தாங்காமல் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் கப்பலேறிய விவசாயிகளின் கதை. மாக்ஸ் வான் சீடோவ், லிவ் உல்மன் கணவன் மனைவி. மோனிகா செய்தது ஊரார் ஒதுக்கிவைத்த முன்னாள் விலைமகள். கப்பலில் பேன் வந்துவிட, உல்மன் செய்யும் கிறிஸ்டினா முதலில் சந்தேகப்படுவது உல்ரிகாவைத்தான். உல்ரிகா அங்கேயே நின்று தன்னிடம் ஒன்றுமில்லை என்று நிரூபிக்கும் காட்சி இருக்கிறது. அந்தக் காட்சியைக் காட்டுங்கள், ஆனால் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு உங்கள் கூட்டத்துக்குப் பொருந்துமா என்று முடிவு செய்யுங்கள். பொருந்தாது என்றால், பின்னால் கிறிஸ்டினாவும் உல்ரிகாவும் நெருங்கிய தோழிகளாகிவிட்ட பிறகு வரும் காட்சிகளில் ஒன்றை இரண்டாம் படத்திலிருந்து எடுக்கலாம்.

பிரதி விஷயத்தில் கவனம். முதல் படத்தின் முழு வடிவம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். அமெரிக்க வெளியீட்டுக்காக வெட்டிச் சுருக்கிய வடிவம் ஒன்று உண்டு, சுமார் 151 நிமிடம். ஓடும் நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கிரைடீரியன் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பதிப்பில் இரண்டு படமும் முழுதாக இருக்கின்றன. இன்னொன்று: இதே கதையை 2021-இல் புதிதாகவும் எடுத்திருக்கிறார்கள். தேடும்போது அது முன்னால் வந்து நிற்கும், அதில் மோனிகா கிடையாது.

பாடகி என்பதற்காகப் போனால் போகிறதென்று கொடுத்த வேடம் அல்ல இது. "உத்வாந்த்ரர்னா" சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. மறு வருடம் சிறந்த படம், இயக்குநர், நடிகை, தழுவல் திரைக்கதை ஆகிய பிரிவுகளிலும் பரிந்துரையானது. அப்படிப்பட்ட நடிகர்களுக்கு நடுவில் உல்ரிகா வரும் காட்சிகளில் கண் அவரிடமே போகிறது. காரணம், அவர் பாடும் முறையைப் பற்றித் தாளக்கட்டு சொன்னதுதான்: வசனத்தைப் பேசி முடித்ததும் விட்டுவிடுகிறார், அழுத்துவதில்லை.

நகைச்சுவைப் பக்கத்தைத் தொட வேண்டும் என்றால் ஹாசெ ஆல்ஃப்ரெட்சொன், டாகே டேனியல்சொன் இரட்டையர். மேடை நகைச்சுவைத் தொகுப்புகள், படங்கள் என்று இவர்களோடு நிறையச் செய்தார். "அத் அன்யேரா என் பிரிகா" (1965) ஒரு தீவில் நண்டு விருந்துக்குப் படகில் போனவர்கள் கரை சேரமுடியாமல் தத்தளிக்கும் படம். லார்ஸ் ஃபார்ன்லோஃப் இசையமைத்த அதன் தலைப்புப் பாட்டை மோனிகா பாடியிருக்கிறார். படக்காட்சி வேண்டாம், பாட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வசன நகைச்சுவை துணைத்தலைப்பில் பாதிதான் தேறும்.

2013 படம் பற்றி: பெர் ஃப்ளை இயக்கியது, ஸ்வீடனின் குல்ட்பாகே திரைப்பட விருதுகளில் இயக்குநருக்கும் எட்டா மாக்னாசொனுக்கும் பரிசு கிடைத்தது. பார்க்கலாம். ஆனால் அதை வைத்து வாழ்க்கைக் குறிப்பு எழுதாதீர்கள். உச்சக்கட்டமாக எவன்ஸோடு பாடுவது நியூயார்க்கில் நடக்கிறது, ஊரில் அப்பா ரேடியோவில் கேட்கிறார். எவன்ஸோடு ஆல்பம் பதிவானது ஸ்டாக்ஹோமில் என்று மேலேயே சொல்லியாயிற்று. படத்துக்கு ஓர் உச்சம் தேவை, அதனால் மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் அதை மேடையில் உண்மை என்று சொன்னால் சங்கடம்.

சுருதிப்பெட்டி:

மூவருக்கும் நன்றி. எவன்ஸ் ஆல்பத்தோடு ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகலாம் என்று நினைத்திருந்தேன், எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால். தாளக்கட்டு சொல்வதைப் பார்த்தால் வோல்கெர்ஸ் பாட்டுகள்தான் முதலில் வரவேண்டும் போல. ஒலிபெருக்கியாக எங்களிடம் இருப்பது ஒரு சின்ன புளூடூத் பெட்டி, 25 பேர் உட்காரும் அறை. போதுமா?

வினைல்வாசன்:

எவன்ஸை முதலில் வைக்காதீர்கள். ஜாஸ் கேட்டுப் பழகாத அறையில் மெதுவான பாட்டுகள் அடுக்காக வந்தால் பதினைந்தாவது நிமிடத்தில் கைபேசி வெளியே வரும். தாளக்கட்டு சொன்ன வரிசை சரி. ஆனால் ஓர் இடத்தில் உடன்பாடில்லை. "அலங்காரம் இல்லை, ஒரே குரல்" என்பது 1960-களுக்குப் பொருந்தும். 1972-இல் பியானோக் கலைஞர் ஸ்டீவ் குனோடு செய்த "சிக்கன் ஃபெதர்ஸ்" கேளுங்கள். குனின் சொந்தப் பாட்டுகள், கோணல் மெட்டுகள். குரல் எட்டாத இடத்துக்கும் துணிந்து போகிறது. 1977-இல் தாட் ஜோன்ஸ், மெல் லூயிஸ் ஆர்கெஸ்ட்ராவோடு பாடியதில் பெரிய பித்தளைக் குழுவுக்கு முன்னால் நின்று வேறு மாதிரி வீச்சு. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு வைத்தால்தான் இருபது வருடப் பயணம் தெரியும்.

கடைசிப் பகுதிக்கு, ஸ்டிங்கின் "மூன் ஓவர் பர்பன் ஸ்ட்ரீட்" ஸ்வீடிஷில். நிலா நியூ ஆர்லியன்ஸை விட்டு ஸ்டாக்ஹோமின் ஸ்டூரெப்லான் சதுக்கத்துக்கு வந்துவிடும். முப்பது வருடம் முன்னால் வோல்கெர்ஸ் காட்டிய அதே வழி. குரல் இறங்கியிருக்கும், கொஞ்சம் கரகரப்பு ஏறியிருக்கும். மேல் ஸ்தாயி போய்விட்டது என்று யாராவது குறை சொல்லலாம், சொல்லட்டும்.

பெட்டி போதாது. சின்ன புளூடூத் பெட்டிகள் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெலிந்துவிடும். டபுள் பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். எவன்ஸ் ஆல்பத்தில் டிரம்ஸ் மிக அடக்கம், தாளத்தைத் தூக்கி நிறுத்துவது இஸ்ரேல்ஸின் பேஸ். அது கேட்கவில்லை என்றால் பாட்டு அந்தரத்தில் தொங்கும், "ரொம்ப மந்தம்" என்பார்கள். சுமாரான ஸ்டீரியோ ஒலிபெருக்கி ஒரு ஜோடி கடன் வாங்குங்கள், ஆறேழு அடி இடைவெளியில், உட்கார்ந்தவர்களின் காது உயரத்தில் வையுங்கள். மூலைக்குள் தள்ளினால் பேஸ் வீங்கும்.

1958 பதிவுக்கும் 1990-கள் பதிவுக்கும் சத்த அளவு ஒத்துப்போகாது. செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், பாட்டுகளுக்கு நடுவே ஓடிப்போய்க் குமிழைத் திருக வேண்டாம். அளவு வைக்கும்போது "சாக்தா வி கோ"வை வைத்துப் பார்க்காமல் எவன்ஸ் ஆல்பத்தின் ஏதாவது மெதுவான பாட்டை வைத்துப் பாருங்கள். அதில் குரல் கடைசி வரிசைக்குத் தெளிவாகப் போனால் மற்றதெல்லாம் போகும்.

புள்ளிப்பட்டியல்:

யூரோவிஷன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

சொல்லுங்கள், ஆனால் கணக்கோடு. 23 மார்ச் 1963, லண்டன், பிபிசி டெலிவிஷன் சென்டர். பாட்டு "என் கோங் இ ஸ்டாக்ஹோல்ம்". இசை பாபி எரிக்சொன், வரி மறுபடியும் வோல்கெர்ஸ். 16 நாடுகள். ஒவ்வொரு நாட்டிலும் 20 பேர் கொண்ட நடுவர் குழு, குழு தனக்குப் பிடித்த ஐந்து பாட்டுக்கு மட்டும் 5, 4, 3, 2, 1 என்று கொடுக்கும், தன் நாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. மொத்தம் புழங்கியது 240 புள்ளி. இந்த முறையில் ஒரு பாட்டு பதினைந்து குழுவிலும் ஆறாவதாக வந்தாலும் கிடைப்பது பூஜ்யம்தான். அந்த வருடம் பூஜ்யம் வாங்கியவை நான்கு நாடுகள்: ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து, நெதர்லாந்து. வென்றது டென்மார்க், 42 புள்ளி.

ஆகவே "படுதோல்வி" என்று அறிமுகத்தில் போட வேண்டாம். பிடிக்காமல் போனதா, எல்லோருக்கும் கொஞ்சம் பிடித்து யாருக்கும் முதல் ஐந்தில் வராமல் போனதா என்பதை அந்தப் பட்டியல் காட்டாது. பாட்டு ஸ்வீடனில் நிலைத்துவிட்டது. சொல்லப்போனால் 1963-இல் அந்த மேடையில் நின்று ஜாஸ் சாயலில் அடக்கமாகப் பாடியது எடுபடாததில் வியப்பு ஒன்றுமில்லை. ஒரு முறை கேட்டதும் ஒட்டிக்கொள்கிற மெட்டுக்குத்தான் அங்கே மதிப்பு. இந்தப் பாட்டைப் போட்டுவிட்டுப் பிறகு புள்ளியைச் சொல்லுங்கள். முதலிலேயே பூஜ்யம் என்று சொன்னால் அந்தக் காதோடுதான் கேட்பார்கள்.

வடக்குவாசல்:

இன்னும் ஒரு எச்சரிக்கை. மரணத்தைப் பற்றிச் சொல்லும்போது சுருக்கமாக முடியுங்கள். பல வருடங்களாக முதுகெலும்பு வளைவால் அவதிப்பட்டார், 1999-இல் மேடையை விட்டார், 12 மே 2005 அன்று ஸ்டாக்ஹோமின் பிரிகர் யார்ல்ஸ்காத்தான் தெருவில் தன் வீட்டில் ஏற்பட்ட தீ விபத்தில் இறந்தார், வயது 67. இவ்வளவு போதும். இணையக் கட்டுரைகள் பலவும் தீயில் தொடங்கிப் பின்னால் போகின்றன. அப்படி ஆரம்பித்தால் அடுத்து வரும் எல்லாப் பாட்டும் இரங்கல் பாட்டாகிவிடும். தன் வாழ்க்கையை அவரே 1992-இல் புத்தகமாக எழுதினார், தலைப்பே "மோசமான நினைவாற்றலிலிருந்து சில நினைவுகள்" என்கிற மாதிரிக் குறும்பு. அந்தத் தொனியில் அறிமுகம் எழுதுங்கள்.

தாளக்கட்டு:

வினைல்வாசன் சொன்னது நியாயம், குன் ஆல்பத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நேரக் கணக்கு: 12 பாட்டு, சராசரி மூன்றரை நிமிடம் என்றால் 42 நிமிடம். பேச்சு 25, படக்காட்சிகள் 12. மீதி பத்து நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கும், அதைக் கேள்விகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு முன் பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஸ்வீடிஷ் பாட்டுகளுக்கு வரிக்கு வரி அர்த்தம் அச்சடித்துக் கொடுக்காதீர்கள், எல்லோரும் தாளைப் பார்த்துக் குனிந்திருப்பார்கள். யார், எங்கே, எந்த நேரம் என்று இரண்டு வரி வாயால் சொன்னால் போதும்.

தேடும்போது ஸ்வீடிஷ் தலைப்புகளில் எழுத்தின் மேல் வட்டமும் இரட்டைப் புள்ளியும் வரும். அவை இல்லாமல் தட்டச்சு செய்தாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் பாடகர் பெயரையும் மூல அமெரிக்கப் பாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், பல பதிப்புகளில் அடைப்புக்குறிக்குள் அதையும் போட்டிருப்பார்கள். பட்டியல் முடிந்ததும் எல்லாவற்றையும் தரவிறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு முறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். சில பாட்டுகள் சில நாடுகளில் மட்டும் திறக்கும், அது அன்றைக்கு மாலையில் தெரியவந்தால் மாற்று தேட நேரம் இருக்காது.